‘ஆண்டவர் சித்தம்’ என்று சொல்வதற்கு முன்னால்

நீலகிரியின் கோத்தகிரியிலோ குந்தாவிலோ கூடலூரிலோ, கஷ்டத்தில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கு விசாரிக்கப் போனால், கையில் டீ டம்ளர் வருவதற்குள் ஒரு வார்த்தை வந்துவிடும்: “என்ன செய்ய, எல்லாம் ஆண்டவர் சித்தம்.” தேயிலைக்கு விலை இல்லை, ஆண்டவர் சித்தம். மகன் திருப்பூருக்குப் போனவன் பேசுவதே இல்லை, ஆண்டவர் சித்தம். மழையில் பின்சுவர் சரிந்தது, அதுவும் ஆண்டவர் சித்தம். வார்த்தை வேதத்தில் உள்ளதுதான். ஆனால் பல வீடுகளில் அது ‘தலைவிதி’ என்ற பழைய சொல்லுக்கு மாட்டிய புதுச் சட்டையாக இருக்கிறது. வெளியே பார்த்தால் பக்தி, உள்ளே கைவிட்ட மனசு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. கெத்செமனேயில் இயேசு சொன்ன ஜெபத்தை லூக்கா 22:42-ல் படியுங்கள். “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்” என்று கேட்ட பிறகுதான், “ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்கிறார். மத்தேயு எழுதியபடி, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை அப்படி ஜெபித்தார். ‘ஆயினும்’ என்ற சொல் தனியாக நிற்காது, அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் வேண்டும். உங்கள் ஜெபத்தில் அந்த முன்வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு ‘உம் சித்தம்’ என்றால் அது ஒப்புக்கொடுத்தல். கேட்காமலே ‘உம் சித்தம்’ என்றால், கேட்டுக் கிடைக்காமல் போகுமோ என்ற பயம் அங்கே ஒளிந்திருக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் அந்த முன்வாக்கியத்தைத் திரும்ப எழுதுவதற்காகத்தான்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்றிருக்கும். கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் அதுவே ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. அதனால் ஒரே எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் இரண்டு சபைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருவர் ‘நம்பிக்கை’ என்பதை மற்றவர் விசுவாசம் என்று புரிந்துகொள்வார். இங்கே நம்பிக்கை என்று எழுதுவதெல்லாம் அந்த எதிர்நோக்குதான். ‘நல்லது நடக்கும்’ என்ற மனத்தெம்பு அல்ல இது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், ஆகவே என் கதையின் கடைசிப் பக்கம் இந்தக் கடனோ இந்த நோயோ இல்லை என்று அதன்மேல் பாரம் வைத்து நிற்பது.

முதலில் சாப்பாடும் தூக்கமும்

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்து “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்துவிட்டு, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடவைத்த பிறகுதான் பயணம் (1 இராஜாக்கள் 19). ஆண்டவரின் மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் நாற்பது நாள் கழித்து.

ஆகவே மனசு முழுசாக விட்டுப்போயிருப்பவர் முதல் மூன்று நாளைக்கு ஆவிக்குரிய முயற்சி எதையும் தொடங்க வேண்டாம். மூன்று வேளை சூடான சாப்பாடு, இரவு ஒன்பதரைக்குள் படுக்கை, பகலில் அரை மணி நேரமாவது வெயில். மலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயிலே தென்படாத வாரங்கள் உண்டு, அப்போது மூடுபனியிலாவது நடங்கள். ஜெபம் ஒரே வரி போதும்: “ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன்.”

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், அதைப் பாவம் என்றோ விசுவாசக் குறைவு என்றோ எண்ணாமல் டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. எலியாவுக்கு அடை கொண்டுவந்த கை இன்று மாத்திரைச் சீட்டும் எழுதலாம்.

புலம்பலை எழுதுவது

நம் ஆட்கள் தப்புகிற இடம் இதுதான். ஜெபத்தில் முறையிடக் கூடாது, ஸ்தோத்திரம் மட்டுமே சொல்ல வேண்டும் என்று ஒரு எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. சங்கீதப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. 13-ம் சங்கீதம் ஆறே வசனம். அதன் முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை ‘எதுவரைக்கும்’ என்று தாவீது கேட்கிறார். அந்தச் சங்கீதத்தையே அச்சாக வைத்து உங்கள் புலம்பலை எழுதலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பால்பாயின்ட் பேனா ஒன்று. பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நீட்டினால் புலம்பல் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து மனசை இன்னும் இழுத்துவிடும். நான்கு பகுதியாக எழுதுங்கள்: கூப்பிடுவது, முறையிடுவது, கேட்பது, சார்ந்து நிற்பது. முறையீட்டில் பொதுவான சொல் கூடாது. ‘என் கஷ்டங்கள்’ என்று எழுதினால் கைக்கு ஒன்றும் அகப்படாது. பேர், தொகை, தேதி வேண்டும். ஒரு மாதிரி:

“கர்த்தாவே. இந்த மாத இலைக் காசும் கடனுக்கே போய்விட்டது. எதுவரைக்கும் இப்படி? சங்கிலியை அடகு வைத்து பதினொரு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. நீர் பார்க்கிறீரா என்றே எனக்குத் தெரியவில்லை. வட்டிக்கு ஆறாயிரம் வேண்டும், 20-ம் தேதிக்குள். அம்மாவைக் கோயம்புத்தூர் அழைத்துப் போக ஒரு துணை வேண்டும். உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.”

கடைசி வரி 13-ம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தில் இருப்பது. சொந்தமாக எழுத வரவில்லை என்றால் அதையே எழுதிக்கொள்ளுங்கள், கடன் வாங்கிய வரியும் ஜெபம்தான். அதையும் எழுத மனசு ஒப்பவில்லையா, மூன்றாம் பகுதியோடு நிறுத்திவிடுங்கள். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். வராத நன்றியை வரவழைத்து எழுதுவதைவிட அந்த வெற்றிடம் மேலானது.

இதை வாரத்துக்கு இரண்டு தடவை செய்யுங்கள். மற்ற நாள் காலையில், போனைத் தொடுவதற்கு முன்னால், புலம்பல் 3-ம் அதிகாரத்தில் 18 முதல் 23 வரை சத்தமாக வாசியுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. 18-ல், இடிந்த எருசலேமுக்காகப் புலம்பும் மனிதர் என் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்கிறார். மூன்று வசனம் தாண்டி 21-ல் “இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கைகொண்டிருப்பேன்” என்கிறார். இடையில் ஊர் மாறவில்லை, எருசலேம் இடிந்தபடியேதான் கிடக்கிறது. எதை மனசில் வைத்தார் என்பதுதான் மாறியது. 18-ஐ விட்டுவிட்டு 22-லிருந்து வாசிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம், அழிந்துபோயிற்று என்ற வரியையும் வாய் சொல்லட்டும்.

மூன்று பக்கம்

நோட்டின் நடுவில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். ஒன்று என் கையில் இருப்பது. இரண்டு வேறொருவர் கையில், ஆனால் நான் போய்க் கேட்கக்கூடியது. மூன்று ஆண்டவர் கையில் மட்டும் இருப்பது. கஷ்டத்தில் எல்லாமே மூன்றாம் பக்கம் போலத் தெரியும், விரக்தியின் வேலையே அது.

பச்சைத் தேயிலை விலையை எடுத்துக்கொள்வோம். ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகும் என்பது மூன்றாம் பக்கம். ஆனால் நீலகிரிக்கு இலை விலை இவ்வளவு என்று தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. உங்கள் ஃபேக்டரி அந்த விலையைக் கொடுத்ததா என்று பில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் பக்கம். குறைத்துக் கொடுத்திருந்தால் பில் நகலோடு குன்னூரில் உள்ள வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது இரண்டாம் பக்கம். அடகு நகையும் அப்படியே. தவணை முடிந்து நோட்டீஸ் வந்த பிறகு போவதைவிட, பதினைந்து நாள் முன்னாலேயே வங்கிக்குப் போனால் அவகாசம் கேட்க வாய் இருக்கும். மானேஜரிடம் போய் நிற்க வெட்கப்பட்டு ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று வீட்டில் இருப்பது, அவர் திறந்து வைத்த கதவைத் தள்ளிப் பார்க்காமல் திரும்புவதுதான். லூக்கா 18-ல் வரும் விதவை நியாயம் கேட்டு அநீதியுள்ள நியாயாதிபதியிடமே நடையாய் நடந்தாள்.

முதல் இரண்டு பக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. இரண்டு எடுத்தால் இரண்டும் நின்றுபோகும். மூன்றாம் பக்கத்தை ஜெபத்தில் மட்டும் தொடுங்கள்.

ஆனதோத் வேலை

எரேமியா 32-ம் அதிகாரத்தைப் பத்திரப்பதிவு ஆபீஸ் ஏறி இறங்கியவர்கள் படித்தால் இன்னும் நன்றாகப் புரியும். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பா மகனிடமிருந்து ஆனதோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி எடை போட்டுக் கொடுத்து வாங்குகிறார். எதிரியின் கைக்குப் போகப்போகிற ஊரில் நிலம்! சாட்சி வைத்து, முத்திரை போட்ட கிரயப்பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் ‘அநேகநாளிருக்கும்படிக்கு’ மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் திரும்பவும் வீடும் வயலும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்று கர்த்தர் சொன்ன வார்த்தைக்கு அவர் கட்டிய முன்பணம் அது.

உங்களுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும். நாளைக்கு ஒன்று உண்டு என்றால் மட்டுமே அர்த்தமுள்ள வேலை. தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். ஏழு நாளில் முடிய வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கிற அளவு, காசாகவோ உழைப்பாகவோ செலவாக வேண்டும், ஆனால் அதற்காகக் கடன் வாங்கக் கூடாது. கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், எரேமியாவுக்குச் சாட்சிகள் இருந்ததைப் போல.

தேயிலைக்காரருக்கு உதாரணம்: தோட்டத்தில் செடி பட்டுப்போய் இடைவெளி விழுந்த இடத்தில் பத்து நாற்று. மண்ணில் ஈரம் இருக்கும் பருவம் பார்த்து, ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி. நட்டது ஒழுங்காகப் பறிப்புக்கு வர மூன்று வருஷம் ஆகும். உறைபனி விழும் இடமாக இருந்தால் டிசம்பரில் ஒவ்வொரு நாற்றின் மேலும் பெரணித் தழையைக் குடை போலச் சாய்த்துச் செருகுங்கள். காலையில் தழையைத் தூக்கிப் பார்த்தால் மேல் பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், உள்ளே இரண்டு இலை பச்சையாக நிற்கும். கைவிட்ட மனிதன் அந்தத் தழையைச் செருகமாட்டான். தோட்டம் இல்லாதவர்கள், அப்பா இறந்து வருஷக்கணக்கில் கிடக்கும் பட்டா மாற்றத்துக்கு மனு போடலாம். படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கலாம். படுக்கையில் இருப்பவர் பேரனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கலாம், அளவை அடுத்த வருஷத்துக்கு வைத்து.

ஒன்று நடக்கும், முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. வேலையை முடித்த அன்று ராத்திரியே ‘பைத்தியக்காரத்தனம் பண்ணிவிட்டோமோ’ என்று தோன்றும். எரேமியாவுக்கும் தோன்றியது. பத்திரத்தைக் கொடுத்துவிட்டுச் செய்த ஜெபத்தின் கடைசியில், நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகிறதே, நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று ஆண்டவரிடமே கேட்டார். வாங்கிய பிறகு வந்த சந்தேகம் பத்திரத்தைச் செல்லாததாக்கவில்லை.

தனியாக வேண்டாம்

இயேசு இறந்தபின் எம்மாவு ஊருக்கு நடந்துபோன சீடர் இரண்டு பேரும் “நம்பியிருந்தோம்” என்று இறந்தகாலத்தில் பேசினார்கள் (லூக்கா 24:21). ஆனாலும் சேர்ந்து நடந்தார்கள், இயேசு அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். நீங்களும் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஆளோடு நாற்பது நிமிடம் உட்காருங்கள். முதல் இருபது நிமிடம் கேட்பவர் ஆலோசனை சொல்லக் கூடாது, வசனமும் சொல்லக் கூடாது. பிறகு நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசித்து, கேட்க வேண்டியதைக் கேட்டு ஜெபம். அன்பியக் கூட்டம் (கத்தோலிக்கரின் அக்கம்பக்க ஜெபக் குழு), வீட்டு ஜெபம் எதுவாக இருந்தாலும் மழை மாதங்களில் நிறுத்தாதீர்கள், மனசு அதிகம் விழுவது அப்போதுதான். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். யானையும் கரடியும் நடமாடும் பக்கங்களில் சாயங்கால ஏழு மணிக் கூட்டத்துக்கு யாரும் தனியாக வரமுடியாது. ஞாயிறு மூன்று மணிக்கு வைத்தால் இருட்டுக்கு முன் வீடு சேரலாம்.

எங்கே பிசகும்

அதிகம் பிசகுவது வாக்குத்தத்த அட்டையில். புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் அந்த வசன அட்டையில், என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற எரேமியா 29:11 கைக்கு வந்தால், அந்த வருஷத்துக்குள் எல்லாம் சரியாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம், ஊர் திரும்ப எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம், இருக்கிற ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று சொல்லி ஜனங்களுக்கு இனிப்பாகப் பேசினார். எரேமியா அதைப் பொய் என்றார். விரக்தியைப் போலவே இந்த இரண்டு வருஷப் பேச்சும் நம்பிக்கைக்கு எதிரி, ஏனென்றால் மூன்றாம் வருஷம் அந்த வீடு விசுவாசத்தையே விட்டுவிடும். ஆண்டவருக்குத் தேதி குறிக்காதீர்கள். 20-ம் தேதிக்குள் வட்டி வேண்டும் என்று கேட்பது வேறு. அதற்குள் தராவிட்டால் நீர் இல்லை என்பது வேறு.

அடுத்தது காரணம் சொல்லும் வாய். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் போய் ‘ஏதோ பாவம்’ என்றோ, ‘கவாத்து வெட்டினால்தான் துளிர்க்கும்’ என்றோ சொல்லவே கூடாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்றார். கவாத்து உவமை பாடுபடுகிறவர் தானே சொல்லிக்கொண்டால் சரி. அடுத்தவர் சொல்ல அது உரியதில்லை. கவாத்துக்கும் ஒரு முறை உண்டு: வேரில் மாவுச்சத்து சேரும்படி செடிக்கு முன்னாலேயே ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் செடி பட்டுப்போகும்.

மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொல்பவரையும், காணிக்கை போட்டால் கடன் தீரும் என்பவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்வதை ‘என் சிலுவை’ என்று சொல்லும் அக்காமார் நம் சபைகளில் நிறையப் பேர். இயேசு சிலுவையைத் தாமே மனதார ஏற்றார், அவரை யாரும் சமையலறையில் வைத்து மிரட்டிச் சுமக்கவைக்கவில்லை. அந்த வீட்டில் நம்பிக்கை எடுக்கும் முதல் அடி 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு ஒரு போன்.

கேட்டது கிடைக்காமலே போனால்

போகும். அம்மாவின் இருமல் நிற்காமல், அவருடைய சவப்பெட்டியை மேட்டுக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு ஏறும் நாளும் வரும். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் பவுல் எழுதினார், துக்கிக்காதீர்கள் என்று எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பேரை அடிக்காதீர்கள். பக்கத்தில், உயிர்த்தெழுதலைச் சொல்லும் ‘1 கொரிந்தியர் 15’ என்று எழுதிவையுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே போய்ப் புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வாருங்கள். அன்றைக்குத் தூறலும் காற்றும் இருக்கலாம். மெழுகுவர்த்தியைக் கொட்டாங்குச்சிக்குள் நிறுத்தி, காற்று வரும் பக்கம் ஒரு ஓட்டுத்துண்டைச் சாய்த்தால் ஜெபம் முடியும்வரை அணையாது.

ஆறு வாரம் ஆனதும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். கிடைத்ததற்கு எதிரில் தேதி போடுங்கள். கிடைக்காததைத் திரும்பக் கேளுங்கள், வார்த்தையை மட்டும் புதிதாக எழுதி. நோட்டைப் பத்திரமாக வைப்பதும் முக்கியம். இந்த மலை ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் காகிதம் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும், ஜெல் பேனா மை பரவிப்போகும். பால் பாக்கெட் கவரைக் கழுவி நன்றாகக் காயவைத்து, நோட்டை அதில் சுற்றி, அரிசி டின்னுக்குள் அரிசியின் நடுவில் சொருகிவையுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எழுத்து நிற்கும்.